யார் தொட்டது?

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பேச்சை நிறுத்திவிட்டது. திரையில் எல்லாம் ஓடுகிறது. பதிவைத் திறந்தால் திறக்கிறது, நிமிடக் கணக்கு நகர்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரை அதோடு நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். பழுது பார்த்த கதை இங்கே எதற்கு என்று கேட்காதீர்கள் தோழர்களே. களத்துக்குப் போகும் உங்களுக்கு இதில் இரண்டொரு விஷயம் உதவும். எனக்கு அது ஒன்றரை நாள் தாமதமாகத்தான் புரிந்தது.

திருவாலங்காட்டில் எங்கள் காலனி வீடு இரண்டு அறை. முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டர். ஆறு வருடத்துக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கி, அரக்கோணம் லோக்கலில் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். பகலில் என் வேலைக்கு. சாயங்காலம் காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் படிக்க வருவார்கள், அப்போது அவர்களுக்கு. என் அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கேயே அறை எடுத்துத் தங்கி வாரம் ஒருமுறை வருவான். அவன் மகள் பத்தாவது படிக்கிறாள், என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் அண்ணன் ஒரு பழைய மானிட்டர் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனான்.

என் வேலையில் பாதி, கேட்பது. செங்கல் சூளையில், அரிசி ஆலையில், மரம் வெட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் சொல்வதைப் பதிவு செய்வது, வீட்டில் உட்கார்ந்து அதைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்வது. அந்தச் சனிக்கிழமை என் கையில் இருந்தது ஓர் இருளர் பெண்ணின் பதிவு. நாற்பத்தேழு நிமிடம். திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி முன்னால் எழுத்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அவர் யார், எந்தச் சூளை என்பதைச் சொல்லமாட்டேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

பதிவை ஓட்டினேன். சத்தம் இல்லை. ஸ்பீக்கரைத் தட்டினேன். வால்யூமைத் திருகினேன். பின்னால் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி ஒரு கத்து கத்தினேன்.

"யாருடா இதைத் தொட்டது?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது பேரில் சின்னவன், மூன்றாவது படிப்பவன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பவும் ஸ்பீக்கர் பக்கம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். திரையின் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தில் பெருக்கல் குறி இருக்கிறதா பார்த்தேன், இல்லை. ஒலி அளவு எண்பதில் இருந்தது. ஸ்பீக்கர் கெட்டிருக்குமோ என்று அதன் வயரை எடுத்துச் செல்போனில் செருகினேன். பாட்டு கணீரென்று கேட்டது. அப்படியென்றால் ஸ்பீக்கர் மேல் குற்றம் இல்லை. சி.பி.யு.வுக்குப் பின்னால் பச்சை, ரோஜா, நீலம் என்று மூன்று துளை இருக்கும். பச்சைதான் ஸ்பீக்கருக்கு, ரோஜா மைக்குக்கு. பச்சையில் சரியாகத்தான் செருகியிருந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பதிவு ஓடும்போது ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், அதில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூச்சு விடும் இடத்தில் இறங்குகிறது, பேசும் இடத்தில் ஏறுகிறது. அவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். எங்கே போகிறது அந்தப் பேச்சு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நான் போகவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். எந்தக் கடை என்று சொல்லவேண்டியதில்லை. "சவுண்ட் டிரைவர் போயிருக்கும். ஃபார்மட் போடணும். எடுத்துட்டு வாங்க, ஆயிரம் ரூபா ஆகும்" என்றார். வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். எங்கே என்றார். காலனி என்றேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆள் இல்லீங்க" என்றார். போன மாதம் ஊருக்குள் ஒரு வீட்டுக்கு அதே கடையிலிருந்து ஆள் வந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உண்மையாகவே ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். சாதிதான் காரணம் என்று காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் அப்படி எழுதவும் மாட்டேன். அந்த இடைவெளி மட்டும் நினைவில் இருக்கிறது. நம்மில் பல பேருக்கு அதன் நீளம் தெரியும்.

ஃபார்மட் என்ற சொல்தான் வயிற்றைக் கலக்கியது. இந்தப் பதிவின் மூல மெமரி கார்டு அலுவலக பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இதற்கு முந்தைய பதினொரு பதிவுகளுக்கு வேறு நகல் கிடையாது. எல்லாம் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில். ஃபார்மட் போட்டால் பதினொரு பேரும் போய்விடுவார்கள். இது கடைக்காரர் தப்பு இல்லை, என் தப்பு.

பதிவைச் செல்போனுக்கு மாற்றிக் கேட்டிருக்கலாமே என்று இப்போது நினைப்பீர்கள். வாக்குமூலப் பதிவைச் செல்போனில் வைப்பதில்லை என்பது எங்களுக்குள் ஒரு விதி. செல்போன் என்னோடு சூளைக்கும் வரும், காவல் நிலையத்துக்கும் வரும், யார் கைக்கும் போகும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விதி பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் என் தைரியம். 'நான்தானே நேரில் கேட்டேன், எனக்குத் தெரியாதா' என்று மதியம் நினைவிலிருந்தே எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் மூன்று பக்கம். நல்ல தமிழ். சட்டப் பிரிவுகளோடு.

ராத்திரி எட்டரை மணி இருக்கும். எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சாப்பிடக் கூப்பிட வந்தாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு கையும் பின்னால்.

எனக்கு என் ஐந்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. மேசை மேல் இருந்த உலக உருண்டை ஒருநாள் தாங்கியிலிருந்து கழன்று கிடந்தது. வாத்தியார் வகுப்பைப் பார்த்துக் கேட்கவில்லை. எங்கள் ஆறு பேரைப் பார்த்துக் கேட்டார்: "காலனிப் பசங்க யாராச்சும் தொட்டீங்களா?" நான் தொடவில்லை. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொடவில்லை என்று காட்ட அந்த வயதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

'தொட்டது யார்' என்பது நமக்கு வெறும் கேள்வி இல்லை. அம்பேத்கர் தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தாகம் எடுத்தால் அவரே குழாயைத் தொட முடியாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் ஆயிரக்கணக்கானோரோடு போய்ச் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். திரும்பி வந்தவர்களை அடித்தார்கள், பிறகு குளத்துக்குச் சடங்கு செய்து 'சுத்தம்' செய்தார்கள். இதையெல்லாம் நான் இளைஞர் முகாம்களில் வகுப்பெடுப்பவள். சமூகவியலில் முதுகலை. அதே கேள்வியை, அதே குரலில், என் வீட்டு முன்னறையில், நம் பிள்ளைகளைப் பார்த்து நான் கேட்டிருக்கிறேன்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "திட்டமாட்டேன் பாப்பா. நேத்து மத்தியானத்துலேர்ந்து இந்த கம்ப்யூட்டர்ல என்னல்லாம் மாறிச்சு, சொல்லு" என்றேன்.

"வயர் மாத்தினேன் அத்தை" என்றாள். "படம் மஞ்ச மஞ்சளா வந்துச்சு. மானிட்டரோட ஒரு புது வயர் பெட்டியிலயே கெடந்துச்சு. அதை எடுத்து மாட்டினேன். படம் நல்லா வந்துச்சு. அப்புறம் நீ சத்தம் வரலைன்னு கத்தினியா…"

"வயருக்கும் சத்தத்துக்கும் இன்னாடி?"

"ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ்ல அந்த வயரைத்தான் மாட்டுவாங்க. மாட்டினா சத்தம் லேப்டாப்ல வராது அத்தை, டிவியிலேர்ந்துதான் வரும்."

விஷயம் அவ்வளவுதான். பழைய வயர் வி.ஜி.ஏ., அது படத்தை மட்டும் கொண்டுபோகும். புதியது ஹெச்.டி.எம்.ஐ., படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். அதை மாட்டியதும் கம்ப்யூட்டர் தானாகவே, 'இனிச் சத்தம் மானிட்டருக்கு' என்று முடிவு செய்துவிட்டது. எங்கள் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஒன்றரை நாளாக அந்தப் பெண் காதில்லாத ஒரு பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். திரை மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அழுத்தினோம். சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று ஒரு பட்டியல் வந்தது. மேலே மானிட்டரின் பெயர் இருந்தது. அவளையே மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். கீழே இருந்த 'ஸ்பீக்கர்ஸ்' என்பதை அழுத்தினாள். சத்தம் வந்துவிட்டது. டிரைவர் போகவில்லை. எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் ரூபாயும் மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலமே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. விடை தெரிந்தவள் வாசலிலேயே நின்றிருந்தாள். நான் கேட்ட கேள்விதான் அவள் வாயைக் கட்டியது.

கதை இங்கே முடியவில்லை. சத்தம் வந்த பிறகு, எழுதி வைத்த மூன்று பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவை முதலிலிருந்து கேட்டேன். வியர்த்துவிட்டது.

நான் எழுதியிருந்தது: "நான் முன்பணமாக இருபதாயிரம் ரூபாய் பெற்றேன்." அவர் சொன்னது: "எங்க மாமனாரு வாங்கினதும்மா அது. அவுரு செத்துட்டாரு. நாங்க கழிக்கிறோம்."

நான் எழுதியிருந்தது: "வெளியே செல்லக்கூடாது என்று மிரட்டினார்கள், தாக்கினார்கள்." அவர் சொன்னது: "அடிக்கல்லாம் மாட்டாங்க. சந்தைக்குப் போணும்னா சின்னவனைக் கணக்குப்பிள்ளை வூட்டாண்ட விட்டுட்டுப் போவணும். நாங்க திரும்பி வந்தாத்தான் புள்ளைய வுடுவாங்க."

நான் பொய் எழுதவில்லை. இதற்கு முன் கேட்ட பத்துப் பதினைந்து பேரின் கதைகள் என் தலைக்குள் ஒன்றாகிக் கிடந்தன. முன்பணம், மிரட்டல், அடி. அந்த அச்சில் இவரையும் வார்த்துவிட்டேன்.

அந்த வித்தியாசம் சட்டத்தில் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. கொத்தடிமை என்றால் சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டும், அடித்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. முன்பணம் ஒரு காரணம். முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த கடமை இன்னொரு காரணம். அதனால் ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, இந்தியாவுக்குள் விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையையோ இழந்தால் அது கொத்தடிமை. மாமனார் வாங்கிய கடன், சந்தைக்குப் போனால் பிணையாக நிற்கும் பிள்ளை. இந்த இரண்டு வரியும் அந்தச் சட்டத்தின் நடுவில் போய் உட்காரும் வரிகள். நான் எழுதிய 'நல்ல தமிழ்' அந்த இரண்டையும் தூக்கி எறிந்திருந்தது.

அதோடு போகாது. எதிர்த்தரப்பு, "இருபதாயிரம் நீ கைநீட்டி வாங்கினியா?" என்று கேட்கும். அவர் இல்லை என்பார். "அடிச்சாங்களா?" இல்லை என்பார். வாக்குமூலம் பொய் என்று ஆகிவிடும். இத்தனைக்கும் இந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. சட்டம் அவர் தோளிலிருந்து இறக்கி வைத்த சுமையை, நான் என் பேனாவால் திரும்பத் தூக்கி வைக்கப் பார்த்தேன்.

மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு ராத்திரி இரண்டரை மணி வரை முதலிலிருந்து எழுதினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத இடத்தில் பின்னால் ஓட்டி ஓட்டிக் கொடுத்தாள். திங்கள் காலை அலுவலக வாசலில், வேப்ப மரத்தடியில், அந்தப் பெண்ணுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடம் வந்ததும், "ஆமாம்மா, இப்பிடித்தான் சொன்னேன்" என்றார். ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி வருடத்தைத் திருத்தினார். திருத்திக்கொண்டுதான் உள்ளே போனோம். விசாரணை நடக்கிறது, இதற்கு மேல் இப்போது எழுத முடியாது.

நம் மேடைகளில் 'குரலற்றவர்களின் குரல்' என்று அடிக்கடி சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் தொடங்கிய இதழின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். தமிழில் அதற்கு முன்பே, 1893-இல் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்தப் பச்சைக் கோடு எப்போதும் துள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அங்கே போகவில்லை. இதில் வெளியாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், நடுவில் உட்கார்ந்து வேறு குரலை ஏற்றிக்கொண்டிருந்தது நான்.

எங்கள் ஊர்ப் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் வருவதற்கு ஒரு காரணம், ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்ததை அவை சொல்கின்றன. ஊரைக் கொடுத்தவருக்குச் செப்பேடு இருக்கிறது. செங்கல் அறுத்தவருக்கு நாம் எடுக்கும் நாற்பத்தேழு நிமிடப் பதிவுதான் செப்பேடு. அதை அந்த மரியாதையோடு வைத்துக்கொள்ள, எனக்குச் சூடு பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பதிவு எடுத்த மூலக் கார்டை அழிக்காதீர்கள், திருத்தாதீர்கள். உறையில் போட்டு, தேதி எழுதி, தனியே வையுங்கள். வேலை செய்வது நகலில் மட்டும். நகல் இரண்டு இருக்கட்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய சட்டத்தில் 65பி. அதற்கான சான்றிதழில் பதிவின் 'ஹாஷ்' எண்ணையும் கேட்கிறார்கள். ஒரு கோப்பின் கைரேகை மாதிரி அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்றே எடுத்துக் குறித்து வையுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவைப் படியுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று அதன் பத்தாம் உட்பிரிவு சொல்கிறது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வேலை வாங்குவது அதே சட்டத்தின் 3(1)(ஹெச்) பிரிவில் குற்றம். 1976 சட்டத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாக்குமூலத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

எது நின்றுபோனாலும், கம்ப்யூட்டரோ, சங்கமோ, யார் செய்தது என்று தொடங்காதீர்கள். என்ன மாறியது என்று கேளுங்கள். முதல் கேள்விக்குக் கைகள் முதுகுக்குப் பின்னால் போகும்.

திங்கள் சாயங்காலம் பிள்ளைகள் வந்தபோது, சனிக்கிழமை கத்தியது என் தப்பு என்று சொன்னேன். இனி இதில் யார் எதை மாற்றினாலும் சொல்லிவிடலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்றேன். அண்ணன் மகள், வயரை எப்படி மாற்றினாள், சத்தம் எங்கே போனது, எப்படித் திரும்பி வந்தது என்று எட்டுப் பேருக்கும் காட்டினாள். எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சின்னவன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நான் அன்னிக்கு மவுஸை மட்டும்தான் தொட்டேன்."

"தொடுடா" என்றேன். "தொடத்தான் வாங்கி வச்சிருக்கேன்."